முத்துக் கடற்கரையின் கல் முகடுகள்

வானத்தைக் குறிக்கத் திருக்குர்ஆன் ஆளும் சொற்களுள் ஒன்று 'ஸக்ஃப்' என்பது. கூரை, முகடு என்பன அதன் பொருள். அல்அந்பியா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் வானத்தைப் பாதுகாக்கப்பட்ட முகடு என்கிறது. அத்தூர் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் உயர்த்தப்பட்ட முகட்டின் மீது சத்தியமிடுகிறது. அல்பகராவின் 22ஆம் வசனத்தில் வானம் ஒரு கட்டடமாகவே சுட்டப்படுகிறது. அவ்விடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களுள் சிலர் 'விதானம்' என்னும் சொல்லை எடுத்தாள்வது வாசகர் அறிந்ததே. நம் கல்தச்சர்கள் மண்டபத்தின் உட்கூரைக்கு வழங்கிய சொல்லும் அதுவே.

ஆயின் அதே சொல் இன்னோரிடத்தில் எச்சரிக்கையாகவும் வருகிறது. பொன் அலங்காரம் என்று பெயர் பெற்ற அஸ்ஸுக்ருஃப் அத்தியாயத்தின் 33ஆம் வசனம், மனிதர் யாவரும் ஒரே வழியில் சரிந்துவிடுவர் என்பது இல்லையாயின், நிராகரிப்போரின் வீடுகளுக்கு வெள்ளியாலான முகடுகளையே இறைவன் ஆக்கியிருப்பான் என்ற கருத்தை உரைக்கிறது. வெள்ளி முகடு இறைவனிடத்தில் மதிப்பற்றது என்பது இதனால் விளங்குகிறது. முகட்டின் அழகைப் பற்றிப் பேசப் புகும் முஸ்லிம் ஒருவர் இவ்விரு முனைகளையும் நினைவிற் கொண்டே பேச வேண்டியவராகிறார்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் எழுப்பிய பள்ளியின் தூண்கள் பேரீச்ச மரத்தின் அடிமரங்கள். கூரை அதன் மட்டைகளாலும் ஓலைகளாலும் ஆனது. ரமளானின் ஓர் இரவில் மழை பெய்து அக்கூரை ஒழுகியதையும், விடியற்காலைத் தொழுகைக்குப் பின் நபியவர்களின் நெற்றியில் ஈரமண்ணின் தடம் இருந்ததையும் அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவித்துள்ளார்கள். ஹிஜ்ரி 17இல் உமர் (ரலி) அவர்கள் அப்பள்ளியை விரிவாக்கியபோதும் பழைய பொருள்களையே பயன்படுத்தினார்கள். மழையிலிருந்து மக்களைக் காப்பதே கூரையின் பணி என்றும், சிவப்பும் மஞ்சளும் பூசித் தொழுவோரைக் குழப்பத்தில் ஆழ்த்தலாகாது என்றும் அவர்கள் கட்டடப் பணியாளருக்குக் கட்டளையிட்டதாக இமாம் புகாரீ பதிவு செய்கிறார். ஹிஜ்ரி 29இல் உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில்தான் செதுக்கிய கல்லும் காரையும் அப்பள்ளிக்குள் நுழைந்தன. கூரை 'ஸாஜ்' மரத்தால் வேயப்பட்டது. ஸாஜ் என்பது தேக்கு. இந்தியாவிலிருந்து கொணரப்படும் மரம் என்றே அரபு அகராதிகள் அதற்குப் பொருள் கூறும். மதீனப் பள்ளியின் முகட்டுக்கும் இந்தியத் துறைமுகங்களுக்கும் உள்ள உறவு இவ்வாறு ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே தொடங்கிவிடுகிறது. பின்னர் உமய்யாக் கலீஃபா வலீத், பொன்னும் பளிங்கும் சேர்த்து அப்பள்ளியை மீண்டும் கட்டுவித்து, உஸ்மான் (ரலி) அவர்களின் மகனார் அபானிடம் அதைப் பெருமையாகக் காட்டினாராம். நாங்கள் பள்ளிவாசல்களின் பாணியில் கட்டினோம், நீங்கள் தேவாலயங்களின் பாணியில் கட்டியுள்ளீர்கள் என்ற கருத்தில் அபான் விடையளித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

ஒழுகும் ஓலைக்கும் பொன் முகட்டுக்கும் இடையில் நம் தமிழகக் கடற்கரை முஸ்லிம்கள் தேர்ந்த வழி யாது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தூத்துக்குடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கே உள்ள காயல்பட்டினத்தையும், வடகிழக்கே இராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையையும் இரு முனைகளாகக் கொண்ட முத்துக் கடற்கரையில் அதற்கான விடை கல்லில் நிற்கிறது.

இக்கடற்கரையின் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்தல் நலம். தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கொற்கை கடலை இழந்தது. பழைய காயல் எழுந்தது. அதுவும் தூர்ந்தபின் புன்னைக்காயலும் காயல்பட்டினமும் தூத்துக்குடியும் முன்வந்தன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காயலைக் கண்டு, ஹுர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றி வரும் கலங்கள் யாவும் இங்கே தங்குவதை எழுதினார். பாண்டியர் அவையில் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் அமைச்சராக விளங்கியதைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கூறுகிறார். 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் பழைய காயலின் மணலைத் தோண்டியபோது சீனப் பாண்டங்களின் ஓடுகளும் அரபு நாட்டுப் பாண்டங்களின் ஓடுகளும் அங்கே கலந்து கிடந்தன.

வணிகம் வந்தது போலவே பள்ளிவாசலும் வந்தது. அதை மன்னர்கள் ஏற்ற முறைதான் கவனிக்கத்தக்கது. கீழக்கரைக்கு அருகிலிருந்த பவித்திரமாணிக்கப் பட்டினத்துச் சோனகரின் பிழார்ப் பள்ளிக்கு 13ஆம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னர் நிலம் விட்ட செய்தி திருப்புல்லாணிப் பெருமாள் கோவிலின் கல்வெட்டில் காணப்படுகிறது. பள்ளிவாசலின் மானியச் சாசனம் கோவிலிற் காக்கப்பட்டது! காயல்பட்டினத்துக் கல்வெட்டு ஒன்றோ, 14ஆம் நூற்றாண்டில் வேணாட்டு மன்னர் உதயமார்த்தாண்டர் அவ்வூர்ப் பள்ளிக்கு உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி என்று தம் பெயரையே சூட்டியதையும், அங்கிருந்த காதியாருக்கும் அப்பெயரை வழங்கியதையும் தெரிவிக்கிறது. இத்தகைய சூழலில் பள்ளி கட்ட விரும்பிய சோனக வணிகர், கட்டுவோரைத் தேடிக் கடல் கடந்து செல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. கோவில் கட்டிய அதே கல்தச்சர் அடுத்த ஊரில் இருந்தார்.

1340களில் மஅபர் நாட்டுக்கு வந்த இப்னு பதூதா, ஃபத்தன் என்று தாம் குறிக்கும் துறைமுகத்தில் கல்லால் கட்டிய அழகிய பள்ளி ஒன்றைக் கண்டதாக எழுதுகிறார். அத்துறை எது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது இங்கே முதன்மையன்று. உலகம் சுற்றிய ஒருவர், தமிழகக் கடற்கரையில் கல்லாலான பள்ளியை ஓர் அடையாளமாகக் குறித்து வைத்தார் என்பதே போதும்.

ஏன் கல்? அதிலும் ஏன் தட்டையான கல் முகடு? மேற்குக் கடற்கரையில் கோழிக்கோட்டுக் குற்றிச்சிறையின் மிஷ்கால் பள்ளியையும் முச்சந்திப் பள்ளியையும் பார்த்தவர்க்கு இவ்வினா எழாமல் இராது. அங்கே அடுக்கடுக்காகச் சரிந்திறங்கும் ஓட்டுக் கூரை. உள்ளே மரச் செதுக்கு வேலை மிகுந்த உட்கூரை. காரணம் எளிது. கேரளத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை பொழிகிறது; மலைக்காடுகளில் மரத்துக்குக் குறைவில்லை. தூத்துக்குடிக் கரை மலை மறைவில் அமைந்த வறண்ட நிலம். மழை 600, 700 மில்லிமீட்டரைச் சுற்றியே நிற்கும். தண்ணீரை வழித்து விடச் சரிவான கூரை தேவையில்லை. பனைமரம் தவிர வேறு பெருமரமும் இல்லை. பாண்டி நாட்டின் கைப்பழக்கமோ கல்லில்தான்.

கல் முகட்டின் இலக்கணம் ஒரே ஒரு பலவீனத்திலிருந்து பிறக்கிறது. கல் தன்மீது ஏறும் அழுத்தத்தை நன்கு தாங்கும். ஆனால் இரு முனைகளில் மட்டும் ஊன்றி நடுவே அந்தரத்தில் நிற்கும் கற்பலகை, நீளம் மிகுந்தால் தன் எடையாலேயே அடிப்புறத்தில் விரிசல் கண்டு முறியும். ஆகவே தூண்களை நெருக்கமாக நிறுத்த வேண்டும். தூணின் தலையில் இருபுறமும் கை நீட்டியது போன்ற போதிகை வைத்து, உத்தரத்தின் அந்தர நீளத்தைக் குறைக்க வேண்டும். போதிகையின் மேல் உத்தரம், உத்தரத்தின் மேல் பாவுகற்கள், அவற்றின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்துக் குத்திய தளம், அதன்மேல் தட்டோடு. இடையே உள்ள சதுரம் பெரிதாயின், நான்கு மூலைகளிலும் முக்கோணக் கற்களைப் படுக்க வைத்து, உள்ளே திரும்பி நிற்கும் சிறு சதுரம் ஒன்றை உண்டாக்கி, அதனை ஒற்றைக் கல்லால் மூடுவதும் நம் நாட்டுக் கல்தச்சர் அறிந்த முறையே. அந்த மூடுகல்லில்தான் தாமரை மலரும்.

இந்த நெருக்கமான தூண்வரிசை கோவிலில் ஊர்வலத்துக்கும் உற்சவத்துக்கும் இடமாயிற்று. பள்ளிவாசலில் அதுவே ஸஃப்புகளின் வரிசைக்கு இசைந்தது. கருவறை இல்லை, மண்டபம் மட்டுமே உண்டு. முகம் மேற்கே, சிறிது வடக்குச் சாய்ந்து, கிப்லாவை நோக்கித் திரும்புகிறது. இத்துணை மாற்றத்தோடு ஒரு பாண்டிய மண்டபம் பள்ளிவாசலாகிவிட்டது. காயல்பட்டினத்துக் குத்பாப் பெரிய பள்ளியிலும் சிறிய பள்ளியிலும், கீழக்கரையின் பழைய பள்ளிகளிலும் இதையே காண்கிறோம். தென்னிந்திய முஸ்லிம் கட்டடக் கலை பற்றி 2003இல் விரிவான நூல் வெளியிட்ட மெஹர்தாத் ஷுக்கூஹி என்னும் ஈரானிய அறிஞர் இப்பள்ளிகளை அளந்து வரைபடமாக்கினார். நம்மவர் செய்திருக்க வேண்டிய பணி அது. நாம் அதனை அவருக்கு விட்டுவைத்தோம்.

கட்டடத்தின் காலத்தை அறியப் போதிகையே நல்ல சாட்சி என்பர் கலை வரலாற்றாசிரியர். சோழர் காலத்தில் கோணமாக வெட்டி நிறுத்திய எளிய வெட்டுப் போதிகை. பிற்பாண்டியரைக் கடந்து விஜயநகர, நாயக்கர் காலத்துக்கு வரும்போது அதன் முனை வளைந்து, கீழ்நோக்கித் தொங்கும் மொட்டாகிறது. வாழைப்பூவைத் தலைகீழாகத் தொங்கவிட்டது போன்ற அதனைப் பூமுனைப் போதிகை என்பர். பள்ளிவாசல்களைப் பற்றிச் செவிவழியாக வழங்கும் மிகப் பழைய ஆண்டுகளை ஆராயாமல் ஏற்போர், தலையை உயர்த்திப் போதிகையை ஒருமுறை பார்ப்பது நன்று. ஊரில் முஸ்லிம்கள் குடியேறிய காலம் ஒன்று. இன்று நாம் காணும் கட்டடத்தின் காலம் மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக்குவதால் நம் பழமை கூடிவிடாது.

இனி அலங்காரத்தின் பொருளுக்கு வருவோம். பாண்டி நாட்டுக் கோவில் விதானங்களில் பாண்டியரின் மீன் இலச்சினை உண்டு. சந்திரனை விழுங்க வரும் பாம்பு உண்டு. யாளியும் அன்னமும் ஆடல் மகளிரும் உண்டு. இவை யாவும் பள்ளிவாசலின் வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டன. உள்ளே வந்தவை தாமரை, கொடிக்கருக்கு, இதழ்வரிசை, முடிச்சுக் கோலம் ஆகியன. உயிருள்ளவற்றின் உருவம் கூடாது என்று தச்சருக்கு யாரோ ஒருவர், ஆலிமோ வணிகரோ, சொல்லியிருக்க வேண்டும். அவர் அதனைக் குறையாகக் கொள்ளாமல் தம் கைவசமிருந்த பூக்களைக் கொண்டே முகட்டை நிறைத்தார். எதை விடுவது என்று சொன்னவருக்கும், எதைக் கொண்டு நிரப்புவது என்று அறிந்தவருக்கும் இடையே நடந்த உரையாடலின் எச்சமே இம்முகடுகள்.

தாமரை கோவிலுக்கு உரியது, பள்ளியில் அது ஏன் என்று வினவுவோர் இன்று உளர். பாண்டி நாட்டில் தாமரை விதானத்தின் வரலாறு நெடியது. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சியில் புதுப்பிக்கப்பெற்ற சித்தன்னவாசல் சமணக் குகையின் விதானத்தில் தாமரைத் தடாகம் ஒன்று முழுமையாகத் தீட்டப்பட்டுள்ளது. சமணரும் சைவரும் வைணவரும் அதனை ஆண்டனர். கல்தச்சருக்கோ அது சதுரத்தை வட்டமாக்கி முடிக்கும் ஒரு வழி. நடுவிலிருந்து எல்லாத் திசைக்கும் ஒரே அளவில் விரியும் வடிவம் வேறு எந்தப் பூவில் அவ்வளவு எளிதாகக் கிடைக்கும்?

கட்டுவித்தவர் ஒரு சமயம், கட்டியவர் வேறு சமயம் என்பது நம் கடற்கரைக்கு மட்டும் உரிய புதுமை அன்று. சிசிலித் தீவின் பலெர்மோவில் கிறித்தவ மன்னர் இரண்டாம் ரோஜர் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அரண்மனைத் தேவாலயத்தின் முகடு, அரபுக் கலைமரபில் அமைந்த மர வேலை. தேன்கூடு போன்ற முகர்னஸ் அடுக்குகளில் கூஃபி எழுத்தில் நல்வாழ்த்துகள் ஓடுகின்றன. சுவர்களில் பைசாந்தியப் பாணியில் கிறித்துவின் திருவுருவம். தலைக்கு மேலே அரபு மொழி. மதுரையில் 1636ஐ ஒட்டித் திருமலை நாயக்கர் கட்டுவித்த மகாலின் வளைவுகளும் குவிமாடங்களும் முஸ்லிம் கட்டடக் கலையிலிருந்து பெற்றவை. சோனகர் பள்ளி, கோவிலின் போதிகையைப் பெற்றது. நாயக்கர் மகால், பள்ளியின் வளைவைப் பெற்றது. கடன் இரு பக்கமும் உண்டு.

முகட்டைக் கொண்டே இறைவசனத்துக்கு விரிவுரை எழுதிய இடம் ஒன்று கூற வேண்டுமாயின் அது கிரனாதாவின் அல்ஹம்ரா. 14ஆம் நூற்றாண்டில் முதலாம் யூசுஃபின் காலத்தில் அமைந்த கொமாரஸ் அரியணை மண்டபத்தின் முகட்டில் 8,017 மரத்துண்டுகள் பொருத்தப்பட்டுள்ளன. நட்சத்திர வடிவங்கள் அடுக்கடுக்காக உயர்ந்து உச்சியில் கூடுகின்றன. ஏழு வானங்களின் உருவகம் அது. அதன் அடியைச் சுற்றி அல்முல்க் அத்தியாயம் பொறிக்கப்பட்டுள்ளது. ஏழு வானங்களை அடுக்கடுக்காகப் படைத்தவனின் படைப்பில் பிளவேதும் காண்கிறாயா, மீண்டும் பார் என்று அறைகூவும் அத்தியாயம் அது. மீண்டும் மீண்டும் மேலே பார்க்கத் தூண்டும் வசனத்தை, மேலே பார்க்க வைக்கும் முகட்டில் எழுதினர். ஃபத்தனின் கற்பள்ளியைக் கண்ட இப்னு பதூதா 1350இல் கிரனாதாவுக்கும் சென்றார் என்பது ஓர் இனிய பொருத்தம். யூசுஃப் நோயுற்றிருந்தமையால் அவரைக் காண இயலவில்லை. மன்னரின் தாயார் பொற்காசுகள் அனுப்பி உபசரித்தார்.

ஆனால் கொமாரஸ் ஓர் அரியணை மண்டபம். தொழும் இடம் அன்று. தொழுமிடத்தில் அழகு எங்கே இருக்கலாம் என்ற வினா அங்கே எழவே இல்லை. நம் கடற்கரையில் எழுந்தது. நபி (ஸல்) அவர்கள் பூவேலை செய்த கமீஸா என்னும் போர்வை ஒன்றை அணிந்து தொழுதபின், அதன் வேலைப்பாடு தம் கவனத்தை ஈர்த்ததாகக் கூறி, அதனை அபூஜஹ்மிடம் திருப்பியனுப்பி, வேலைப்பாடற்ற எளிய போர்வையை வாங்கிவரச் செய்தார்கள். கண்முன் நிற்கும் அழகு தொழுகையைக் கலைக்கும் என்பது இதன் பொருள். மற்றொரு நபிமொழி, தொழுகையில் வானை நோக்கிப் பார்வையை உயர்த்துவதைக் கடுமையாகத் தடுக்கிறது. தொழுபவரின் பார்வை ஸஜ்தாச் செய்யும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹு நூல்கள் தரும் ஒழுங்கு.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகிறது. பள்ளிவாசலின் உள்ளே தொழுபவர் பார்க்கக் கூடாத ஒரே பரப்பு முகடுதான். எனவே தொழுகையைக் கலைக்காத அலங்காரத்துக்கு உரிய இடமும் அதுவே. இக்கடற்கரையின் பழைய கற்பள்ளிகளில் கிப்லாச் சுவர் பெரிதும் வெண்சுண்ணம் பூசிய வெறுஞ்சுவராகவே உள்ளது. மிஹ்ராபின் வளைவை ஒட்டிச் சிறிது வேலைப்பாடு இருக்கலாம். உளியின் முழுத்திறமும் தூணின் தலைக்கும் போதிகைக்கும் முகட்டுக்கும் ஏறிவிட்டது. இதனை யாரேனும் திட்டமிட்டு எழுதி வைத்தனர் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டடமே இவ்வாறு சொல்கிறது. பாங்குக்கும் இகாமத்துக்கும் இடையே தூணில் சாய்ந்து அமர்ந்திருப்பவருக்கும், ஓதி முடித்து தஸ்பீஹ் சொல்லிக் கொண்டிருப்பவருக்கும் உரியது அந்தத் தாமரை. தக்பீர் கட்டியவுடன் அது பார்வையிலிருந்து தானே விலகிக்கொள்கிறது.

கீழக்கரையின் பெரிய ஜும்ஆப் பள்ளியில் இம்மரபின் முதிர்ந்த நிலையைக் காணலாம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதி என்னும் ஷெய்கு அப்துல் காதிர் மரக்காயரோடு இணைத்துப் பேசப்படுவது இப்பள்ளி. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்து 1703இல் மறைந்த ஸதகத்துல்லாஹ் அப்பா அவர்களின் அடக்கத்தலமும் இவ்வூரிலேயே உள்ளது. மார்க்கத்தில் கண்டிப்பு மிக்க அந்தப் பேரறிஞரின் ஊரில், அவருடைய காலத்தில், திராவிடப் பாணித் தூண்களும் பூமுனைப் போதிகைகளும் தாங்கிய பள்ளி எழுந்தது. அலங்காரத்தை முற்றாக மறுப்போரும் எல்லையின்றி ஏற்போரும் இச்சூழலைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளனர்.

கீழக்கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசம் உள்ளது. சீதக்காதியின் நண்பரான கிழவன் சேதுபதியின் காலத்ததாகக் கூறப்படும் அம்மண்டபத்தின் சுவர்களும் விதானங்களும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வண்ண ஓவியங்களால் நிரப்பப்பட்டன. இராமகாதை, பாகவதம், மராட்டியரோடு செய்த போர், ஐரோப்பியரை வரவேற்கும் சேதுபதி என்று ஒரு விரலிடைகூட வெற்றிடமின்றித் தீட்டியுள்ளனர். அரசரும் வள்ளலும் நண்பர், நாடும் காலமும் ஒன்று, கல்மரபும் ஒன்றே. ஒருவர் முகட்டில் கதை நிரம்பி வழிகிறது. மற்றவர் முகட்டில் கதையே இல்லை. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர், எதைத் தீட்டாமல் விட்டனர் என்பதும் ஒரு கலைத்தேர்வே என்பதை உணர்வர்.

இவற்றுக்கான செல்வம் கடலிலிருந்து வந்தது. முத்துச் சலாபத்தில் மூழ்குவோர் காலில் கட்டி இறங்கும் எடைக்கல்லைக் கொண்டே உரிமைகள் கணக்கிடப்பட்டன. நாயக்கருக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல் என்பது சலாப வழக்கு. பரதவரோடு கீழக்கரை, காயல் முஸ்லிம்களும் குளியாளிகளாகவும் கலமுடையோராகவும் வணிகராகவும் அதில் பங்கு கொண்டனர். தூத்துக்குடிப் பாரில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. மரக்காயரின் கப்பல் வணிகம் அதற்கு நெடுநாள் முன்பே ஒடுங்கிவிட்டது. பின்னாளில் பர்மாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருள் வீடுகளுக்குத் தேக்கு மச்சுகளாக வந்தது. அது தனிக் கட்டுரைக்குரிய செய்தி.

இன்று இம்முகடுகளின் நிலை என்ன? பிற ஊர்களில் எத்தனையோ பழைய பள்ளிகள் இடம் போதவில்லை என்று இடிக்கப்பட்டுக் கான்கிரீட் கட்டடங்களாகிவிட்டன. நின்றுள்ளவற்றுக்கும் வேறு வகையான தீங்குகள் நேர்கின்றன. பள்ளி ஒன்றில் மூடுகல் தாமரையின் நட்ட நடுவே துளையிட்டு மின்விசிறிக் கொக்கி மாட்டியிருந்ததைக் கண்டேன். வேறிடங்களில் கல் முகட்டை மறைத்து ஜிப்சம் பலகையால் பொய்முகடு அமைத்து, அதில் வண்ண விளக்குகளைப் பதிக்கின்றனர். மேலே உண்மையான விதானம் இருளில் கிடக்க, கீழே அதன் போலி ஒளிர்கிறது.

ஆண்டுதோறும் ரமளானுக்கு முன் அடிக்கப்பட்ட சுண்ணாம்பு, செதுக்கல்களின் கூர்மையை மழுக்கியிருக்கலாம், கல்லைக் கெடுக்கவில்லை. சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. இப்போது பூசப்படும் எனாமல் அவ்வாறன்று. அது ஈரத்தையும் அதோடு வரும் கடல் உப்பையும் கல்லுக்குள்ளேயே அடைத்துவிடுகிறது. உப்பு உள்ளே படிகமாகும்போது கல்லின் மேற்பரப்பு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. கடற்காற்று கல்லையும் விட்டுவைப்பதில்லை என்பதற்குப் பக்கத்துத் திருச்செந்தூரே சான்று. அங்கே பழைய மணற்கல் கட்டுமானம் அரிக்கப்பட்டமையால் கோவில் கருங்கல்லால் புதுப்பிக்கப்பட்டது. ஆயினும் கான்கிரீட்டை விடக் கல்லே இக்கரைக்கு ஏற்றது. உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருவேற்றும். துரு பருத்து, பூச்சு பெயர்ந்து விழும். முந்நூறு ஆண்டு நின்ற முகட்டை இடித்து முப்பது நாற்பது ஆண்டில் பழுதாகும் முகட்டை வைப்பதற்கு ஜமாஅத்தின் பணம் செலவிடப்படுகிறது.

இங்கே ஃபிக்ஹின் கருத்தையும் கூற வேண்டும். ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானீ தம் ஹிதாயாவில், காரையாலும் ஸாஜ் மரத்தாலும் பொன் நீராலும் பள்ளியை அலங்கரிப்பதில் குற்றமில்லை என்று கூறிவிட்டு, அது தன் சொந்தப் பொருளால் செய்வோருக்கே என வரையறுக்கிறார். வக்ஃபுப் பொருளைக் கையாளும் முத்தவல்லி, கட்டடத்தை உறுதிப்படுத்தும் பணிக்கு மட்டுமே அதனைச் செலவிடலாம். அலங்காரத்துக்குச் செலவிட்டால் அவரே ஈடு செய்யக் கடமைப்பட்டவர். நம் கடற்கரை பெரிதும் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தது. வக்ஃபு வருமானத்தை அலங்காரத்துக்குத் திருப்புவதில் அந்த மத்ஹபின் அறிஞரும் கண்டிப்பானவர்களே. இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால், ஒழுகும் கல் முகட்டின் மேல்தளத்தைச் செப்பனிடுவது கட்டடத்தை உறுதிப்படுத்தும் பணி. பொய்முகடும் வண்ணவிளக்கும்தான் அலங்காரம். பழைய செதுக்கலைக் காப்பது வீண்செலவு, புதிய பலகை மாட்டுவது தேவை என்னும் இன்றைய கணக்கு ஃபிக்ஹின்படி தலைகீழானது.

தூண்கள் மறைக்கின்றன, இடம் போதவில்லை என்னும் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. மக்கள்தொகை பெருகிவிட்டது, வெள்ளிக்கிழமைகளில் வெயிலில் நிற்போரின் சிரமத்தைக் கல்லின் அழகைக் காட்டி மறுக்கக் கூடாது. ஆனால் உள்பள்ளி, வெளிப்பள்ளி என்று பகுத்துக் கட்டுவது நம் பழைய வழக்கமே. பழைய கல் மண்டபத்தை உள்பள்ளியாக நிறுத்தி, கிழக்கிலும் பக்கங்களிலும் புதிய கூடங்களைச் சேர்க்கும்போது இரண்டு தேவைகளும் நிறைவேறுகின்றன. மின்விசிறியைத் தூண்களுக்கிடையே இரும்புச் சட்டம் வைத்து மாட்டலாம்; தாமரையைத் துளைக்க வேண்டியதில்லை. ஒழுகல் வந்தால் குற்றம் பெரும்பாலும் பாவுகல்லில் இராது. மேலேயுள்ள சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் பெயர்ந்திருக்கும். அதன்மேல் சிமெண்டைக் கொட்டி எடையைக் கூட்டுவதுதான் கீழே கல்லை முறிக்கிறது. எனாமலை நீக்க மணல் வீச்சுக் கருவியைப் பயன்படுத்துவோர், வண்ணத்தோடு உளியின் தடத்தையும் சேர்த்து நீக்கிவிடுகின்றனர். மெல்லக் கரைத்தெடுக்கும் முறைகளைத் தொல்லியல் துறையினர் அறிவர், கேட்டால் சொல்வர்.

எப்பணியையும் தொடங்குமுன் முகட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் அளந்து, எண்ணிட்டு, படமெடுத்து வைத்தல் முதற்கடமை. ஊருக்கு ஊர் கைப்பேசியும் ஆர்வமுள்ள இளைஞரும் உள்ள இக்காலத்தில் இதற்கு ஒரு வெளிநாட்டு அறிஞர் மீண்டும் வரக் காத்திருக்க வேண்டியதில்லை. முறிந்த பாவுகல்லுக்கு மாற்றாகக் கல் வெட்டித் தரவும், பூமுனைப் போதிகையைப் பழைய அளவிலேயே செதுக்கித் தரவும் வல்ல கல்தச்சர்கள் குமரி மாவட்டத்து மயிலாடியில் இன்றும் உளர். காயல்பட்டினத்திலிருந்து அவ்வூர் இரண்டு மூன்று மணி நேரப் பயணம்.